கட்டளைப்பீடத்தின் குரல்: றேடியோ சியாக் நிலையத்தின் தோற்றமும் மறைவும்

இலங்கையின் ஒலிபரப்பு வரலாற்றை எடுத்துரைப்போர் பெரும்பாலும் 1925ஆம் ஆண்டிற் கொழும்பு வானொலியிலிருந்து தொடங்குவர். அங்கிருந்து 1950களில் மலர்ந்த வர்த்தக ஒலிபரப்பின் பொற்காலத்துக்குத் தாவிவிடுவர். இவ்விரண்டு காலப்பகுதிகளுக்கும் இடையே, ஏறத்தாழ ஐந்தாண்டுகள் மாத்திரம் வாழ்ந்து மறைந்த நிலையமொன்று உண்டு. இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது நேசநாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் நிறுவிய ‘றேடியோ சியாக்’ என்பதே அது. அக்கட்டளைப்பீடத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தமைந்ததே ‘சியாக்’ என்னும் சொல்லாகும்.

இந்நிலையம் இலங்கை மக்களுக்காகத் தோன்றியதன்று. இலங்கை மக்களின் விருப்பத்தினால் மறைந்ததுமன்று. எனினும், இந்நாட்டின் தமிழ், சிங்கள ஒலிபரப்புக்கள் பின்னர் அடைந்த வீச்சை விளங்கிக்கொள்வதற்கு இதன் வரலாறு இன்றியமையாததாகும். ஒரு வானொலி யாருக்காகப் பேசுகிறது, யார் மத்தியில் நின்று பேசுகிறது என்னும் இரு வினாக்களையும் வேறுவேறாக வைத்து நோக்கவேண்டிய தேவையையும் இவ்வரலாறு உணர்த்துகின்றது.

யுத்தம் தந்த முதற் கருவி

இலங்கையில் ஒலிபரப்பின் தொடக்கமே யுத்தத்தின் எச்சமொன்றோடு தொடர்புடையது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக விளங்கிய எட்வேட் ஹாப்பர், 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து பரிசோதனை ஒலிபரப்பை நடத்தினார். முதலாம் உலக மகாயுத்தத்திற் கைப்பற்றப்பட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டே அவரது ஒலிபரப்பி அமைக்கப்பட்டதென்பர். 1925 டிசம்பர் 16ஆந் திகதி தேசாதிபதி ஹியூ கிளிபோட்டினால் முறையான ஒலிபரப்புச் சேவை தொடக்கி வைக்கப்பட்டது.

எனினும், கொழும்பு வானொலியின் குரல் தீவுக்குள் அடங்கிய குரலாகவே நெடுங்காலம் இருந்தது. 1939இல் திருச்சிராப்பள்ளியில் அகில இந்திய வானொலி நிலையம் தோன்றியபின், கடலுக்கு அப்பாலிருந்து வந்த தமிழோசையை இலங்கைத் தமிழரும் கேட்கலாயினர். இந்தியாவின் குரல் இலங்கைக்குக் கேட்டதேயன்றி, இலங்கையின் குரல் இந்தியாவிற் கேட்கவில்லை. இந்நிலையைத் தலைகீழாக மாற்றுவதற்கு இரண்டாவது யுத்தமொன்றும் அதன் எச்சமொன்றும் தேவைப்பட்டன.

பேராதனைக்கு வந்த போர்

1942 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பும், 9ஆந் திகதி திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்குள்ளாயின. மலாயாவும் பர்மாவும் பறிபோன நிலையில், இந்து சமுத்திரத்தில் பிரித்தானியருக்கு எஞ்சிய முக்கிய தளமாக இலங்கை மாறிற்று. 1943 ஓகஸ்டில் கனடாவின் கியூபெக் நகரில் நடைபெற்ற மாநாட்டிலே தென்கிழக்காசியாவுக்கெனத் தனியான கட்டளைப்பீடமொன்றை அமைப்பதென முடிவாகியது. அதன் தலைமைத் தளபதியாக மவுண்ட்பேட்டன் பிரபு நியமிக்கப்பட்டார்.

தொடக்கத்தில் டில்லியிலிருந்து இயங்கிய கட்டளைப்பீடம், 1944 ஏப்ரலிற் கண்டிக்கு இடம்பெயர்ந்தது. பேராதனை அரச தாவரவியற் பூங்காவின் மரநிழல்களில் ஓலைக் கூரையிட்ட கொட்டகைகள் எழுந்தன. மவுண்ட்பேட்டன் கண்டியிலிருந்த தேசாதிபதியின் மாளிகையில் தங்கினார். கண்டி வாவிக்கரையிலுள்ள சுவிஸ் ஹோட்டலும் படைத்துறையின் பாவனைக்கு உட்பட்டது. அமெரிக்கப் புலனாய்வுச் சேவையின் பிரிவொன்றும் கண்டியை அண்டிய தேயிலைத் தோட்டமொன்றிலே நிலைகொண்டிருந்தது. கண்டி இராச்சியம் வீழ்ந்து நூற்றிருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர், பர்மாவிலிருந்து சுமாத்திரா வரையிலான பெரும் பரப்பைப் பற்றிய கட்டளைகள் மகாவலிக் கரையிலிருந்து பிறந்தன. பல்கலைக்கழகம் 1952இற் பேராதனைக்கு வந்து சேர்வதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னைய நிலை இது.

மறக்கப்பட்ட படையின் செவிகள்

பர்மாப் போர்முனையில் நின்ற பதினான்காம் படை, தன்னை ‘மறக்கப்பட்ட படை’ என்றே அழைத்துக்கொண்டது. ஐரோப்பியப் போர்முனையின் செய்திகளே இலண்டன் பத்திரிகைகளை நிறைத்தன. மனோதிடம், பருவமழை, மலேரியா என்னும் மூன்றையுமே தமது முதன்மையான பிரச்சினைகளாக மவுண்ட்பேட்டன் இனங்கண்டிருந்தார். இவற்றுள் முதலாவதனைத் தீர்ப்பதற்கு மருந்தோ மழைக்காப்போ போதாது, செய்தி தேவைப்பட்டது.

இதற்கென இரு சாதனங்கள் கையாளப்பட்டன. ஒன்று, பத்திரிகை. பிராங் ஓவன் என்னும் பத்திரிகையாளரை ஆசிரியராகக் கொண்ட ‘சியாக்’ நாளிதழ் 1944 தொடக்கத்திலிருந்து கல்கத்தாவில் அச்சாகியது. எனினும், காட்டிடை நின்ற படைவீரனின் கைக்குப் பத்திரிகை சென்றடைய நாட்கள் சில கழியும். அதற்குள் எதிரியின் வானொலி தனது செய்தியைக் கூறி முடித்திருக்கும். எனவே, பத்திரிகையை விட விரைவான சாதனமொன்று வேண்டப்பட்டது. 1944இல் றேடியோ சியாக் தோன்றியமைக்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

கட்டளைகள் கண்டியிற் பிறந்தபோதிலும், ஒலிபரப்பு கொழும்பிலிருந்தே நிகழ்ந்தது. சிற்றலை வானின் அயனமண்டலத்திற் பட்டுத் தெறித்து நெடுந்தூரம் செல்லும் இயல்புடையது. கொழும்பிலிருந்து இரங்கூன் ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் தூரத்திலும், சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர் தூரத்திலும் உள்ளன. இடையிலே தடையெதுவுமற்ற கடற்பரப்பே பெரிதும் விரிந்து கிடந்தது. இத்தகைய தூரங்களுக்குச் சிற்றலையே ஏற்றதாக இருந்தது.

பி.பி.சி. செய்திகளின் அஞ்சல், இசை, படைவீரருக்கான பொழுதுபோக்கு ஆகியனவே நிலையத்தின் நிகழ்ச்சிகளிற் பெரும்பங்கை வகித்தன. அறிவிப்பாளர்களும் சீருடையணிந்தவர்களே. பிற்காலத்திற் பி.பி.சி.யிற் பெரும்புகழ் எய்திய டேவிட் ஜேக்கப்ஸ், டெஸ்மண்ட் கரிங்டன் போன்றோர் தமது ஒலிபரப்பு வாழ்வின் தொடக்கப் பயிற்சியை இங்குதான் பெற்றனர்.

யாருக்கான செய்தி?

றேடியோ சியாக் நிலையத்தின் குறிக்கோளும் எதிர்த்தரப்பின் குறிக்கோளும் ஒப்புநோக்கத்தக்கன. சுபாஸ் சந்திரபோஸ் 1943 நடுப்பகுதியிற் சிங்கப்பூர் வந்து சேர்ந்தபின், ஆசாத் ஹிந்த் வானொலி கிழக்காசியாவிலிருந்து ஒலிக்கலாயிற்று. அது ஆங்கிலம், ஹிந்துஸ்தானி, வங்காளம் முதலியவற்றோடு தமிழிலும் பேசிற்று. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழரிற் பலர் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். ஜான்சி ராணி படையிற் சேர்ந்த தோட்டப் பெண்களும் அவர்களுள் அடங்குவர். இவ்வானொலியின் அரசியலை ஏற்போரும் மறுப்போரும் உளர். ஆயினும், தோட்டத் தொழிலாளியின் மொழியில் உலக அரசியலைப் பேசலாம் என்பதை அது எடுத்துக்காட்டியது என்பதில் ஐயமில்லை.

வங்காள விரிகுடாவின் மறுகரையிலோ நிலை வேறு. கண்டியைச் சூழ்ந்த ஹந்தானை முதலான மலைகளிலும், நாவலப்பிட்டி, ஹட்டன் வரையிலான மலைத்தொடரிலும் இலட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்தனர். கட்டளைப்பீடத்துக்கு மிக அண்மையில் வாழ்ந்த தமிழ்மக்கள் இவர்களே. எனினும், கட்டளைப்பீடத்தின் வானொலி கருதிய நேயர் இவர்களல்லர். அது தேடியது வீட்டு நினைவோடு காத்திருந்த பிரித்தானியப் படைவீரனின் செவியையே.

அவர்கள் கேட்க விரும்பியிருப்பினும், கேட்பதற்கான கருவி அவர்களிடம் இருந்திருக்குமா என்பதும் சிந்திக்கத்தக்கது. அக்கால வானொலிப்பெட்டி வால்வுகளைக் கொண்டது; மின்சாரமோ பாரமான மின்கலங்களோ இன்றி இயங்காதது. லயன் அறைகளுக்கு இரண்டுமே எட்டாதவை. பெட்டி துரை பங்களாவிலும் நகரத்து வசதி படைத்தோர் வீடுகளிலும் இருந்தது. ஆகவே, ஒலியலைகள் மலைகளுக்கு மேலாகக் கடந்து சென்றபோதிலும், மலைகளில் வாழ்ந்தவருக்கு அவை வெறும் காற்றாகவே இருந்தன எனலாம்.

போர் முடிந்தபின் வளர்ந்த குரல்

1945 மே மாதத்தில் இரங்கூன் மீட்கப்பட்டது. ஓகஸ்டில் யப்பான் பணிந்தது. செப்ரெம்பர் 12ஆந் திகதி சிங்கப்பூரில் மவுண்ட்பேட்டன் யப்பானியப் படைகளின் சரணடைவை ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு நவம்பரிற் கட்டளைப்பீடம் கண்டியை நீங்கிச் சிங்கப்பூருக்குச் சென்றது. பூங்காவின் கொட்டகைகள் வெறுமையாயின.

ஆனால், வானொலி ஓயவில்லை. மாறாக, அதன் வலிமை பெருகிற்று. யா-எலவுக்கு அண்மையிலுள்ள ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாற்றுத் திறன்கொண்ட சிற்றலை ஒலிபரப்பி 1946இலேயே இயங்கத் தொடங்கியது. போருக்கெனத் திட்டமிடப்பட்ட பெருங்குரல், போர் ஓய்ந்தபின்னரே வாய்திறந்தது. றேடியோ சியாக்கின் வரலாற்றிற் காணப்படும் மிகப்பெரிய முரண் இதுவாகும்.

இம்முரணுக்கு அரசியற் காரணமும் உண்டு. யப்பான் பணிந்தபின், டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் பதினாறாம் அகலக்கோட்டுக்குத் தெற்கேயுள்ள இந்தோசீனமும் கட்டளைப்பீடத்தின் பொறுப்பில் வந்தன. டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் குடியேற்ற நாடுகளுக்கு மீள்வதற்குப் பிரித்தானிய, இந்தியப் படைகள் வழிசெய்து கொடுத்தன. யுத்தம் முடிந்தும் வீடு திரும்பாத படைவீரரிடையே அதிருப்தி வளர்ந்தது. 1946 சனவரியில் கராச்சியில் அரச விமானப்படையினர் தொடங்கிய வேலைநிறுத்தம் இலங்கையிலுள்ள விமானத் தளங்களுக்கும் பரவிற்று. போர்க்காலத்தில் எதிரியின் பிரசாரத்துக்கு மறுமொழியாக அமைந்த நிலையம், இப்போது காத்திருக்கும் மனிதரின் சலிப்பை ஆற்றவேண்டியதாயிற்று.

1946 இறுதியிற் கட்டளைப்பீடமும் கலைக்கப்பட்டது. எனினும், அதன் பெயரைத் தாங்கிய வானொலி மேலும் சில ஆண்டுகள் பேசிற்று. 1947இல் இந்தியா விடுதலையடைந்தது. 1948 பெப்ரவரி 4ஆந் திகதி இலங்கையும் சுதந்திரம் பெற்றது. பாதுகாப்பு உடன்படிக்கையின்படி திருகோணமலை, கட்டுநாயக்கா ஆகிய தளங்கள் பிரித்தானியரிடம் இருந்தனவாயினும், கேட்கவேண்டிய படைவீரரின் தொகை நாளுக்குநாள் குறைந்தது. 1949இல் றேடியோ சியாக் மூடப்பட்டது. ஏக்கலை நிலையம் இலங்கை அரசாங்கத்தின் கைக்கு மாறிற்று.

பிராசவில்லின் உதாரணம்

இத்தகைய வாழ்வும் மறைவும் றேடியோ சியாக்குக்கு மாத்திரம் உரியனவல்ல. பிரான்ஸ் 1940இல் ஜேர்மனியிடம் வீழ்ந்தபோது, பிரெஞ்சுக் கொங்கோவின் தலைநகரான பிராசவில் ஜெனரல் டி கோலின் சுதந்திர பிரான்சுடன் சேர்ந்துகொண்டது. அங்கிருந்து எழுந்த றேடியோ பிராசவில், 1943இல் 50 கிலோவாற்று ஒலிபரப்பியைப் பெற்று, அடிமைப்பட்ட தாயகத்துக்கும் ஏனைய நாடுகளுக்கும் பிரெஞ்சு மொழியிற் செய்திகளை அறிவித்தது.

இரு நிலையங்களுக்கும் ஒற்றுமைகள் பல. இரண்டும் ஐரோப்பிய வல்லரசுகளினால் வேற்றுமண்ணில் நாட்டப்பட்டவை. செய்தியைப் போரின் ஆயுதமாகக் கொண்டவை. தம்மைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களை முதன்மை நேயராகக் கொள்ளாதவை. வேற்றுமையும் கருதத்தக்கது. 1960இற் கொங்கோ விடுதலையடைந்தபின்னரும் பிராசவில் நிலையம் பிரான்சின் குரலாகவே நீடித்து, 1972இலே தான் ஓய்ந்தது. நாடு விடுதலை பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள்வரை அதன் தலைநகரிலிருந்து வேற்றரசின் செய்தி ஒலித்தது. இலங்கையிலோ சுதந்திரம் பெற்ற மறு ஆண்டிலேயே கருவி கைமாறிற்று. சிறிய நாடொன்று தன் மண்ணிலுள்ள பேரொலிக் கருவியை இவ்வளவு விரைவிற் பெற்றமை அதன் பின்னைய வரலாற்றை நிர்ணயித்தது.

கைமாறிய கருவியின் மறுவாழ்வு

1949இல் ‘இலங்கை வானொலி’ தனித் திணைக்களமாயிற்று. 1950இல் வர்த்தக சேவை தொடங்கப்பட்டது. அவுஸ்திரேலியரான கிளிபோட் டொட் அதனை நெறிப்படுத்தினார். பெரும் வலிமை வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி கையிலிருந்தமையாற் கடல்கடந்த நேயர்களை நோக்கி இச்சேவை துணிந்து திரும்பிற்று.

காலமும் அதற்குத் துணைசெய்தது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியிற் சினிமாப் பாடல்களைக் கட்டுப்படுத்தினார். அவ்வாண்டு இறுதியில் அமீன் சயானியின் ஹிந்திப் பாடல் நிகழ்ச்சி இலங்கை வானொலியில் ஒலிக்கத் தொடங்கியது. 1957இல் இந்தியா ‘விவித் பாரதி’ சேவையைத் தொடங்குவதற்கு இப்போட்டியே பெருங் காரணமாயிற்று. தமிழிலும் இதே நிலையே. எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளரின் குரல் தமிழகத்து நகர்களிலும் கிராமங்களிலும் வீட்டுக் குரலாயிற்று. திருச்சிராப்பள்ளியைக் கேட்டுக்கொண்டிருந்த நாட்டின் குரலைத் திருச்சிராப்பள்ளி கேட்கும் காலம் பிறந்தது. படைவீரரின் மனோதிடத்துக்காக எழுந்த நிலையத்தின் எச்சமே தமிழ்கூறும் நல்லுலகின் இரு கரைகளையும் ஒலியால் இணைக்கும் வழியைத் திறந்துவிட்டது.

ஆயினும், இதனை வெறும் வெற்றிக்கதையாகக் கொள்வது வரலாற்றைப் பாதியில் நிறுத்துவதாகும். ஏக்கலைக் கருவி நாட்டின் உடைமையான அதே காலப்பகுதியில், மலையகத் தமிழரை நாட்டினர் அல்லாதவராக்கும் சட்டங்கள் நிறைவேறின. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமும், அவ்வாண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. வேற்றரசின் வானொலி அவர்களைத் தன் நேயராகக் கருதவில்லை. சொந்த அரசு அவர்களைத் தன் பிரஜைகளாகவே கருதவில்லை.

1950களின் இறுதியிலிருந்து பரவிய டிரான்சிஸ்டர் பெட்டி, மின்சாரமற்ற லயன் அறைக்கும் வானொலியைக் கொண்டுவந்தது. தமிழ்ப் பாடலும் தமிழ்ச் செய்தியும் அங்கு ஒலித்தன. ஆனால், 1964 ஒக்ரோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியோர் எனப் பங்கிடப்பட்டபோது, அச்செய்தியையும் தமது தலைவிதியாகக் கேட்டிருப்பதைவிட அவர்களால் வேறு செய்ய இயலவில்லை. செய்தியைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. செய்தியை நிர்ணயிக்கும் உரிமை கிட்டவில்லை. நாடற்றோராய் எஞ்சியிருந்தோரின் பிரச்சினையை 2003ஆம் ஆண்டின் சட்டமே பெருமளவில் தீர்த்துவைத்தது.

முடிவுரை

றேடியோ சியாக் தனக்கெனத் தேசத்தையோ மக்களையோ கொண்டிருந்ததன்று. அது கட்டளைப்பீடமொன்றின் குரல். கட்டளைப்பீடம் கலைந்தபின், நிழல்போற் சிறிது காலம் நின்று மறைந்தது. அதன் அறிவிப்பாளர் சிலரின் பெயர்கள் பிரித்தானிய ஒலிபரப்பு வரலாற்றில் நிலைபெற்றுள்ளன. அதைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களுக்கோ அது பேசாத நிலையமாகவே இருந்தது. ஆனால், அது விட்டுச்சென்ற கருவி அந்நோக்கங்களுக்குக் கட்டுப்படவில்லை. ஒரு மொழியினரை விலக்கி நின்ற நிலையத்தின் எச்சம் அம்மொழியின் வீச்சைக் கடல்கடந்து பெருக்கிற்று.

கருவியின் வரலாறு இவ்வாறு நம்பிக்கை தருகின்றது. உரிமையின் வரலாறோ எச்சரிக்கை செய்கின்றது. 100 கிலோவாற்று ஒலிபரப்பியினால் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு குரலைக் கொண்டுசெல்ல முடிந்தது. ஏக்கலையிலிருந்து ஒரு பகற்பொழுதிற் சென்றடையக்கூடிய ஹந்தானை மலையின் லயன் அறையிலிருந்து எழுந்த குரலைக் கொழும்பிலிருந்த சட்டசபைக்குக் கொண்டுசெல்ல அதனால் முடியவில்லை. அத்தூரத்தைக் கடக்கும் அலை வேறு. அதனை மக்களே எழுப்பவேண்டியிருந்தது. எழுப்புவதற்கு அவர்களுக்கு அரைநூற்றாண்டுக்கு மேல் சென்றது. ஓர் ஒலிபரப்பு நிலையத்தின் வரலாற்றை எழுதுவோர், அது யாரை நோக்கிப் பேசிற்று என்பதோடு, அதன் அருகில் நின்றும் பேசப்படாதிருந்தோர் யாவர் என்பதையும் சேர்த்து எழுதும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.